ஆறும் ஏழும்

எனக்கு மூக்குமேல் கோபம் வரும். அதை மறைத்து இந்தக் கதையைச் சொல்ல முடியாது. 1986இல் பம்பாய் செம்பூரில் ஒரு பார்மசி கல்லூரியில் பேராசிரியையாக இருந்தேன். எந்த மூலக்கூறு கிருமியைக் கொல்லும் என்று கம்ப்யூட்டர் முன்கூட்டியே சொல்லிவிடும் என்பது என் கட்சி. துறைத்தலைவர் பிரம்மநாயகத்துக்கு அது கிளிஜோசியம்.

"பன்னிரண்டு மருந்து செஞ்சிருக்கே நஸீரா. உன் டப்பா சொன்னபடி வரலேன்னா, அந்தக் கம்ப்யூட்டரைப் பரீட்சை மார்க் போட ஆபீசுக்கு அனுப்பிடுவேன்" என்றார்.

பத்து மருந்துகள் சொன்னபடியே வந்தன. ஆறாவதும் ஏழாவதும் காலை வாரின. கொல்லும் என்று நான் எழுதிய ஆறு சும்மா கிடந்தது. உதவாது என்ற ஏழு கிருமியைத் துடைத்துப் போட்டிருந்தது.

சோதித்தவர் லேப் டெக்னீஷியன் சேசுராஜ் அண்ணாச்சி. பக்கத்து ஆண்டாப் ஹில்காரர், இருபது வருஷக் கை. தலைவர் முன்னாலேயே அவர்மேல் பாய்ந்தேன்.

"என் கணக்கு தப்பாது அண்ணாச்சி! நீங்கதான் கிருமித் தட்டை மாத்தி வச்சிருக்கீங்க!"

அவர் முகம் சுண்டிப்போனது. "நீங்க எழுதின நம்பர்படிதான் போட்டேன் மேடம். வேணும்னா மறுபடி போடுதேன்."

மறுபடி போட்டார். அதே முடிவு. "டப்பாவைக் கட்டச் சொல்லட்டா?" என்று தலைவர் சிரித்தார்.

எனக்குக் கணக்கில் துளிச் சந்தேகமில்லை. அப்படியானால் கோளாறு பாட்டிலுக்குள்தான். ஆறாம் பாட்டிலில் ஒரு சிட்டிகை எடுத்து உருக்கிப் பார்த்தேன். ஏழாம் மருந்து உருக வேண்டிய சூட்டில் உருகியது.

யா அல்லா! மூடிகள் மாறியிருந்தன. நம்பரை மூடியில் மட்டும் எழுதுவது என் பழக்கம். எடை போட இரண்டையும் ஒன்றாகத் திறந்தவளும் நான்தான். "மூடி ஊரைச் சுத்தும் மேடம், பாட்டில்லயும் ஒட்டுங்க" என்று அண்ணாச்சி நூறு தடவை சொல்லியிருப்பார்.

பன்னிரண்டுக்குப் பன்னிரண்டும் சரி. குதிக்க வேண்டிய நேரத்தில் வெட்கம் பிடுங்கித் தின்றது. சத்தமில்லாமல் மூடியை மாற்றிவிட்டால் யாருக்குத் தெரியும்? ஆனால் கத்தியது தலைவர் முன்னால். மன்னிப்பும் அங்கேதான். அண்ணாச்சியையும் கூட்டிக்கொண்டு போனேன்.

"சார், கணக்கு சரி. அண்ணாச்சியும் சரி. தப்பு என் கையிலே, மூடியை மாத்திட்டேன். மன்னிச்சிருங்க அண்ணாச்சி" என்று உருகுநிலைத் தாளை மேசையில் வைத்தேன். பிரம்மநாயகம் இரண்டு தரம் படித்தார்.

"டப்பா இங்கேயே இருக்கட்டும்" என்றார்.

வெளியே வந்ததும் அண்ணாச்சியை நிறுத்தினேன். "ஆராய்ச்சிக் கட்டுரையிலே உங்க பேரும் என் பேரோட வரும்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"வரட்டும் மேடம். மூடியில மட்டும் எழுதிராதீங்க."