பூஜ்யம் காட்டிய மீட்டர்

கட்டடத்தின் வாசலில் ஒட்டியிருந்த மின்சிக்கன முத்திரையில் இரண்டே நட்சத்திரம். நான்கு வேண்டும். வராவிட்டால் மூன்று மாடிகளை வாடகைக்கு எடுத்திருக்கும் பெரிய நிறுவனம் காலி செய்துவிடும் என்று மேனேஜர் ஆறு மாதமாக மின் மேற்பார்வையாளனின் உயிரை எடுத்துக்கொண்டிருந்தார்.

அவனும் சும்மா இருக்கவில்லை. விளக்குகளை மாற்றினான். ஏசியை இருபத்துநான்கு டிகிரியில் நிறுத்தினான். இந்த மாதம் மீட்டர் மளமளவென்று இறங்கியபோது அவனுக்குத் தலைகால் புரியவில்லை.

அன்று காலை பத்து மணி. வெளியே அடைமழை. முத்திரை தருவதற்கு முன் கணக்கைச் சரிபார்க்க வந்த தணிக்கை அதிகாரி, மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு கணினித் திரையில் ஒவ்வொரு வரியாக விரலை ஓட்டினார். விரல் ஓர் இடத்தில் நின்றது.

"தம்பி, இது எது?"

"கீழ்த்தளம் ரெண்டு மேடம். கார் புகையை வெளியே தள்ளுற ஃபேன்."

"பூஜ்யம்னு இருக்கே."

"சென்சார் வெச்சிருக்கோம் மேடம். புகை ஏறினாத்தான் ஓடும். முன்னாடி நாள் முழுக்கச் சும்மா சுத்திட்டு இருந்துச்சு."

"நல்ல ஏற்பாடுதான். ஆனா பத்தொன்பது நாளா ஒரு நிமிஷம்கூட ஓடலையே? கீழே கார் நிக்கிறதே இல்லையா?"

"நூத்தம்பது கார் நிக்குது மேட..."

சென்சார்மேல் சுற்றிய பாலிதீன் நினைவுக்கு வந்தது.

இருபது நாளுக்கு முன் கீழ்த்தளங்களுக்குப் பெயிண்ட் அடித்தார்கள். பெயிண்ட் வாடைக்கு சென்சார் ஏமாந்துபோய் ஃபேனை ஓடவிடும், மீட்டர் எகிறும் என்று பயந்து, அவனே ஏணி போட்டு ஏறி சென்சார் பெட்டிகளைப் பாலிதீனால் சுற்றி டேப் ஒட்டினான். முதல் கீழ்த்தளத்தில் வேலை முடிந்ததும் அவனே பிரித்தான். இரண்டாவதில் பெயிண்டர்கள் பிரித்திருப்பார்கள் என்று இருந்துவிட்டான். கரண்ட் சாமானைப் பெயிண்டர்கள் தொடமாட்டார்கள். சுற்றியவன்தான் பிரிக்க வேண்டும். அது எல்லா வேலையிடத்திலும் உள்ள வழக்கம். அவனுக்கும் தெரியும்.

அந்த இரண்டாம் கீழ்த்தளத்தில், கார்களுக்குச் சீட்டுக் கொடுக்கும் கண்ணாடிக் கூண்டுக்குள் அவன் தங்கை உட்கார்ந்திருந்தாள். அந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே அவன்தான்.

"தலை வலிக்குதுண்ணா. தினமும் வலிக்குது" என்று போன வாரம் சொன்னாள்.

"எந்நேரமும் போனை நோண்டிட்டு இருந்தா வலிக்காம என்ன செய்யும்? போய் கண்ணாடி போடு, கிழவி" என்று சிரித்தான்.

இன்று மழை. தண்ணீர் உள்ளே வராமலிருக்கப் பின்பக்கச் சரிவின் ஷட்டரை இறக்கிவிட்டிருந்தார்கள். முன்பக்கச் சரிவு மட்டும் திறந்திருந்தது; காற்று குறுக்கே ஓட வழியில்லை.

தங்கைக்குப் போன் செய்தான். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது.

மாடிப்படிகளில் அவன் கால்கள் மூன்று மூன்றாகத் தாவின. பின்னாலிருந்து தணிக்கை அதிகாரியின் குரல் துரத்தியது. "நேரா கீழே போகாதீங்க! முதல்ல ஃபேனைக் கையால போடுங்க! நீங்களும் விழுந்துட்டா யார் தூக்குறது?"

ஸ்விட்ச் அறை முதல் கீழ்த்தளத்தில் இருந்தது. சாவிக்கொத்தில் பதினான்கு சாவிகள். தினமும் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கும் சாவி கைக்கு அகப்படவில்லை. தங்கை கீழே கிடக்க, ஒரு கதவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். பூட்டு திறந்தது. ஸ்விட்சைத் திருப்பினான். தரைக்கடியில் ஃபேன் உறுமத் தொடங்கியது.

அதன் மேல் இன்னொரு சத்தம். ஹாரன். யாரோ விடாமல் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

இரண்டாம் கீழ்த்தளத்தில், வழியை மறிக்கும் தடுப்புக் கட்டைக்கு முன்னால் ஒரு கார் நின்றது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. பின்னால் இன்னும் நாலு கார், எல்லாம் புகை கக்கியபடி. முதல் காரின் ஜன்னலிலிருந்து ஒருவர் தலையை நீட்டிக் கத்தினார். "ஏம்மா! சம்பளம் வாங்கிட்டுத் தூங்குறியா? கட்டையைத் தூக்கு!"

கூண்டுக்குள் அவள் மேசையில் தலை சாய்த்திருந்தாள். ஒரு கை தொங்கியது. மேசைமேல் போனின் திரையில், எடுக்கப்படாத அவன் அழைப்பு தெரிந்தது.

"குட்டி."

அசையவில்லை. தோளைப் பிடித்து இழுத்தான். துணி மூட்டை மாதிரி சரிந்து அவன்மேல் விழுந்தாள். மூச்சு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பார்க்கவில்லை. பார்த்து, இல்லையென்று தெரிந்துவிட்டால்?

அவளைத் தூக்கிவந்து, முதல் காரின் பின்கதவைத் திறந்து படுக்கவைத்தான்.

"யோவ், என்னய்யா பண்றே?"

"வண்டியை மேலே எடுங்க சார். செத்துட்டு இருக்கா. எடுங்க!"

கட்டையைத் தோள் கொடுத்துத் தூக்கினான். கார் சரிவில் சீறி ஏறியது. பின்னால் நின்றவர்களைப் பார்த்து, "எஞ்சினை நிறுத்துங்க! இறங்கி மேலே ஓடுங்க!" என்று அலறிக்கொண்டே அதன் பின்னால் ஓடினான். தலை கிறுகிறுத்தது. சுவரைப் பிடித்துப் பிடித்து ஏறினான்.

மேலே, கொட்டும் மழையில், அந்த ஆள் அவளை இறக்கித் தரையில் கிடத்திக் கையால் விசிறிக்கொண்டிருந்தார். ஹாரன் அடித்த அதே கை. "தூங்குறான்னு நெனச்சேன் தம்பி" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். "தூங்குறான்னுதான் நெனச்சேன்."

அவள் இருமினாள். வாந்தி எடுத்தாள். மெல்லக் கண்ணைத் திறந்து, "உன் சட்டையெல்லாம் பாழாச்சு" என்றாள்.

அவன் ஓவென்று அழுதான்.

முத்திரை நிறுத்திவைக்கப்பட்டது. விசாரணையில், "சென்சாரைச் சுத்தினது நான், பிரிக்காததும் நான்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான். வேலை போயிற்று. அதைப் பற்றி அவனுக்கு வருத்தம் இல்லை.

மருத்துவமனையிலிருந்து அனுப்பும்போது டாக்டர் ஒன்று சொன்னார். "பாக்க நல்லாத்தான் இருக்காங்க. ஆனா இந்தப் புகை சில பேருக்கு ரெண்டு மூணு வாரம் கழிச்சுத்தான் மூளையில வேலையைக் காட்டும். மறதி வருதா, நடை தடுமாறுதான்னு பாத்துக்குங்க."

அதிலிருந்து அவன் பார்த்துக்கொண்டே இருக்கிறான். அவள் தேநீரில் சர்க்கரை போடுவதை, செருப்பு மாட்டுவதை, பக்கத்து வீட்டுக்காரியிடம் பேசும்போது ஒரு சொல்லுக்காகத் தயங்குவதை.

இன்று காலை அவள் சமையலறைக்குள் போனாள். அலமாரியைத் திறந்தாள். அப்படியே நின்றாள்.

"என்னத்துக்கு வந்தேன் நான்?"

யாருக்கும் வருகிற மறதி. அவனுக்கே நாளைக்கு இரண்டு தரம் வரும்.

அவள் திரும்பி அவனைப் பார்த்துச் சிரித்தாள். "ஏண்ணா பேய் அறைஞ்ச மாதிரி நிக்கிறே?"

"ஒண்ணுமில்ல" என்றான். "யோசிச்சுப் பாரு. மெதுவா யோசி."

அவள் யோசித்தாள். அவன் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.