பின்னால் வருகிறவள்

ஏரிக்கரையில் ஆகாயத்தாமரை பிடுங்குவதற்கு மட்டும் நான் வேண்டும், அப்போது மட்டும் இவர்களுக்கு என் ஞாபகம் வந்துவிடும், கையுறை யார் கொண்டுவருவது, எக்ஸ்ரே அம்மா கொண்டுவருவார், ஆஸ்பத்திரியில்தானே வேலை, அங்கே பெட்டி பெட்டியாகக் கிடக்குமே... கிடக்கும், என் அப்பன் வீட்டு ஆஸ்பத்திரி பாருங்கள், அள்ளிக்கொண்டு வர. சுவரில் புரொஜெக்டர் வெளிச்சம் விழுந்துகொண்டிருக்கிறது, எங்கள் நடை க்ளப்பின் அடுத்த இரண்டு மாத நிகழ்ச்சிகள், முதல் ஞாயிறு ஏரி, அடுத்த ஞாயிறு மலைப்பாதையில் சரிந்த கல்படிகளை எடுத்துக் கட்டுவது, அதற்கடுத்து ஆற்றோரம் சைக்கிள், கடைசியில் முகட்டு நடை, எல்லாவற்றையும் விசில் சார் சத்தமாக வாசிக்கிறார், எங்களுக்குக் கண் தெரியாது என்பது போல. கூட்டத்துக்கும் கழுத்தில் விசிலை மாட்டிக்கொண்டு வருகிற மனிதர், ரயிலில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர், இந்த நூலக மாடி அறையும் எந்த நேரமும் கிளம்பிவிடும் என்று நினைப்பு போலிருக்கிறது. வேலை என்றால் என் பக்கம் திரும்புகிறார், ஊர் சுற்றுவது என்றால் முன்வரிசைப் பக்கம் திரும்புகிறார், நான் கவனிக்கவில்லை என்றா நினைக்கிறார்? ஜோடி இல்லாதவர்களுக்குச் சேவை நாள், ஜோடி உள்ளவர்களுக்கு உல்லாசம். முன்வரிசையில் டீச்சரின் பின்னந்தலை தெரிகிறது, முடியைக் குட்டையாக வெட்டியிருக்கிறாள், யாரைக் கேட்டு வெட்டினாள், பக்கத்தில் மருந்துக்கடைக்காரி, தலையோடு தலை சேர்த்து என்னவோ முணுமுணுப்பு, வகுப்பில் இப்படிப் பேசுகிற பிள்ளைகளைப் பெஞ்சு மேல் ஏற்றுகிறவள்தானே இவள்.

ஜோடி என்றால் புதிதாக வருகிறவர்கள் சிரிப்பார்கள். எங்கள் க்ளப்பில் அது சிரிக்கிற விஷயம் இல்லை. முன்னொரு தடவை யாரோ ஒருத்தர் பாறைமேல் உட்கார்ந்தபடியே இதோ வந்துட்டேன் என்று குரல் கொடுத்துவிட்டு வரவே இல்லையாம், தேடி அலைந்திருக்கிறார்கள், அதிலிருந்து இந்தச் சட்டம். வேன் கிளம்பும்போது தலை எண்ணுவார்கள், யாரும் தனக்குத் தானே பதில் சொல்லக் கூடாது, ஜோடிதான் சொல்ல வேண்டும். எனக்கு டீச்சர், டீச்சருக்கு நான். ஆறு வருஷம். சேர்ந்த புதிதில் நீங்க, வாங்க, போங்க என்றுதான் பேசிக்கொண்டோம், ஒரு மழை நாளில் ஒரே ரெயின்கோட்டுக்குள் ஒண்டிக்கொண்டு நின்றபோது எப்படியோ நீ, வா, போ ஆகிவிட்டது. அவளை நான் எப்படிப் பார்த்துக்கொண்டேன் என்று இந்த அறையில் ஒருத்தருக்குத் தெரியுமா? ஏற்றம் வந்தால் போதும், கொஞ்சம் நில்லு என்பாள். லேஸ் அவிழ்ந்துவிட்டது என்பாள். அந்தப் பூவை ஒரு போட்டோ எடுத்துக்கட்டுமா என்பாள். அதோ அந்தக் கிளையில பாரு, என்ன குருவி அது என்பாள், நானும் பார்ப்பேன், எனக்கு ஒரு குருவியும் தெரியாது, சரி நம் கண் பூத்துவிட்டது என்று விட்டுவிடுவேன். முடியாத பெண், பாவம், வாய்விட்டுச் சொல்லக் கூச்சப்படுகிறாள் என்று நானும் ஒரு தடவைகூடக் குத்திக்காட்டியதில்லை, கூடவே நின்று தண்ணீர் குடித்துவிட்டு மெதுவாகத்தான் ஏறுவேன், அவளை முன்னால் விட்டுப் பின்னால் வருவேன், சறுக்கினால் பிடிக்க ஆள் வேண்டாமா? இது யார் கண்ணில் பட்டது. பாதி மலையில் ஒரு தட்டைப் பாறை இருக்கிறது, அதோடு நாங்கள் திரும்பிவிடுவோம். இது போதும்ப்பா என்பாள், மேல ஏறி யாருக்கு மெடல் வாங்கணும் என்பாள். நானும் சரி என்பேன். அவளுக்காக எத்தனை முகட்டை நான் விட்டுக்கொடுத்திருக்கிறேன்... கேட்டால் சொல்லிக்காட்டுகிறேன் என்பார்கள்.

அந்த அணைக்கட்டு நாள் மட்டும் நினைவுக்கு வராமல் இருந்தால் நன்றாக இருக்கும், அது எங்கே விடுகிறது, குளிக்கும்போது வருகிறது, ஆஸ்பத்திரியில் ஒருத்தர் நெஞ்சுக்கு நேரே பிளேட்டை வைத்து மூச்சைப் பிடிங்க என்று சொல்லிவிட்டுப் பொத்தானை அழுத்தப் போகும்போது வருகிறது, அந்த ஆள் மூச்சைப் பிடித்தபடி நிற்கிறார், நான் அணைக்கட்டில் நிற்கிறேன். அன்று மருந்துக்கடைக்காரியின் ஜோடி வரவில்லை, அவளுடைய நாத்தனார், பல் பிடுங்கியிருந்தாளாம். ஏறும்போதே டீச்சரும் இவளும் பேசிக்கொண்டே முன்னால் போய்விட்டார்கள், மாத்திரை பற்றியும் மாமியார் பற்றியும் என்னதான் அத்தனை பேச்சோ, நான் கூப்பிடவில்லை, கூப்பிட்டால் மரியாதை கெட்டுவிடும். இறங்கும்போது நான் நிதானமாகத்தான் இறங்குவேன், முழங்காலைப் பார்க்க வேண்டாமா, எல்லாருக்கும்தான் முழங்கால் இருக்கிறது. கீழே வந்து பார்த்தால் வேனைக் காணவில்லை. ஒரு நாய், மூடப்போகிற ஒரு ஜூஸ் கடை, அவ்வளவுதான். கடைக்காரர் தார்ப்பாயை இழுத்துக் கட்டிக்கொண்டே, அவங்க போயி ரொம்ப நேரம் ஆச்சேம்மா, உங்கள யாரும் தேடலயா என்று கேட்டார். அதை அவர் தப்பாகக் கேட்கவில்லை, இரக்கப்பட்டுத்தான் கேட்டார், ஆனாலும் அந்த மனிதரை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை. போனில் சிக்னல் இல்லை. இருட்டிக்கொண்டு வந்தது. பிறகு வேன் திரும்பி வந்தது, வந்த பிறகுதான் கதை தெரிந்தது, விசில் சார் வழக்கம்போல எக்ஸ்ரே அம்மா என்று கூப்பிட்டிருக்கிறார், டீச்சர் பேச்சு சுவாரஸ்யத்தில் திரும்பிக்கூடப் பார்க்காமல், ஆறு வருஷப் பழக்கம் பாருங்கள், இருக்கா என்று சொல்லியிருக்கிறாள். இருக்கா. முதல் ஆளாக அவள்தான் இறங்கி ஓடிவந்தாள், என் கையைப் பிடித்துக்கொண்டாள், எப்பவும் பின்னாடிதான வருவ, வந்து ஏறியிருப்பன்னு நெனச்சிட்டேன் என்றாள். எப்பவும் பின்னாடிதான வருவ... யாருக்காகடி பின்னால் வந்தேன்? கேட்கவில்லை. கையை மட்டும் உருவிக்கொண்டேன்.

வீட்டுக்காரரிடம் சொன்னால் அவர் டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல், எனக்கு ஒரு சந்தேகம், உனக்குக் கல்யாணம் ஆனது என்னோடவா அந்த டீச்சரோடவா என்கிறார். சிரிப்பு வேறு. இவரை எங்கேயாவது விட்டுவிட்டுக் கிளம்பினால் தெரியும், விட்டால் டிவி இருக்கிற இடமாகப் பார்த்து உட்கார்ந்துகொள்வார், அவருக்கு என்ன. அதற்குப் பிறகு இரண்டு நடைக்கு நான் போகவில்லை. போன் வரும் என்று இருந்தேன், வந்தது, இரண்டு தடவை, நான் எடுக்கவில்லை, எடுக்காவிட்டால் மூன்றாவது தடவை கூப்பிட மாட்டாளா ஒரு மனுஷி, வீட்டுக்கு வர மாட்டாளா, இரண்டு பஸ் ஸ்டாப்புதானே. மூன்றாவது போன் வரவில்லை. நானாகவே போய் நின்றபோது ஜோடியெல்லாம் மாறியிருந்தது. டீச்சருக்கு மருந்துக்கடைக்காரி, நாத்தனாருக்கு வேறு யாரோ, நான் ஒற்றை. நீங்க வரலையேம்மா, அதான் ஒரு ஏற்பாடா மாத்திட்டோம் என்று விசில் சார் பூசி மெழுகினார். டீச்சர் என்னைப் பார்த்து, வாங்க, உடம்பு தேவலையா என்றாள். வாங்க. அந்த ஒரு சொல்லிலேயே ஆறு வருஷத்தைத் துடைத்துப் போட்டுவிட்டாள் என்று அன்று ராத்திரி முழுக்க வயிறு எரிந்தது, இன்றைக்கும் எரிகிறது, என் கோபம் அவள் கழற்றிவிட்டதற்கா, அவ்வளவு லேசாகக் கழற்றிவிட முடிந்ததற்கா, இரண்டும் ஒன்றுதானோ என்னவோ. ஆனால் இன்றைக்கு நான் வந்தது ஏரிக்காக இல்லை. முகட்டு நடைக்கு ஜோடிகளைப் புதிதாக எழுதப் போகிறார்கள், அதற்காகத்தான் வந்தேன். டீச்சர் ஒரு தடவை திரும்பிப் பார்த்து, இவ என்கூட வரட்டும் என்று சொன்னால் போதும், பழையபடி ஆகிவிடும், நான் ஒன்றும் கேட்க மாட்டேன். சொல்லாவிட்டால் இனி இந்த மாடிப்படி ஏறுவதாக இல்லை.

விசில் சார் தொண்டையைச் செருமுகிறார், முகட்டு நடைக்கு இந்தத் தடவ ரெண்டு வழி, சின்ன வழி தட்டைப் பாறையோட திரும்பிடும், பெரிய வழி உச்சி வரைக்கும், செங்குத்து, நெஞ்சில தெம்பு இருக்கறவங்க மட்டும் வாங்க என்கிறார். டீச்சருக்குச் சின்ன வழிதான், அது எனக்குத் தெரியும், மருந்துக்கடைக்காரிக்கு அது பிடிக்காது, துள்ளிக்கொண்டு திரிகிறவள், அவள் மேலே போகட்டும், இவள் கீழே நிற்கட்டும், அப்போது யார் துணை? பார்க்கலாம். அதற்குள் விசில் சார் சிரித்துக்கொண்டே, போன வாரம் வழி எப்படி இருக்குன்னு பாக்க நாலு பேர் போயிருந்தோம், நம்ம டீச்சர் இருக்காங்களே, நான் பாதி ஏறி நாக்குத் தள்ளி நிக்கறேன், இவங்க ஒரு எடத்துலகூட உக்காராம உச்சிக்குப் போயி ஆரஞ்சு உரிச்சிக்கிட்டு இருக்காங்க, மருந்துக்கடை அம்மாவே பின்னாடிதான் வந்தாங்க என்கிறார். எல்லாரும் கை தட்டுகிறார்கள். டீச்சரா? எந்த டீச்சர்? நாலு படி ஏறினால் லேஸ் அவிழ்கிற டீச்சரா? ஆளை மாற்றிச் சொல்கிறார் போலிருக்கிறது... டீச்சர் வெட்கப்பட்டுக் கையை ஆட்டுகிறாள், இல்லை என்று சொல்லவில்லை. அணைக்கட்டு முடிந்து மூன்று மாதத்தில் ஒருத்திக்குப் புது நுரையீரலா முளைக்கும்? மருந்துக்கடைக்காரி ஏதாவது டானிக் கொடுத்திருப்பாளோ, சீ, என்ன புத்தி இது. யோசித்துப் பார், அவள் நில்லு என்று சொல்லும்போதெல்லாம் அவளுக்கு இரைத்ததா? அவள் பேசிக்கொண்டேதான் இருந்தாள். குருவி, பூ, ஐந்தாம் வகுப்புப் பையன் சொன்ன பொய், பேசிக்கொண்டே இருந்தாள், நான் பதில் சொன்னேனா? ம் என்பேன். ம் மட்டும்தான் வரும், ஏன் மற்றது வரவில்லை? தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டுவாள், நீ குடி என்பாள், அவள் குடித்து நான் பார்த்திருக்கிறேனா... இரைத்தது யாருக்கு? காலையிலிருந்து மாலை வரை அடுத்தவர் நெஞ்சை உள்ளே புகுந்து பார்க்கிறவள் நான், கேட்டால் வெட்கக்கேடு.

டீ வந்துவிட்டது, நாற்காலிகள் உரசுகிற சத்தம், காகிதக் கோப்பை விரலைச் சுடுகிறது. போய்விடலாமா? கதவு பக்கத்தில்தான் இருக்கிறது, யாரும் கவனிக்க மாட்டார்கள், கவனிக்காமல் இருப்பதில் இவர்கள் கெட்டிக்காரர்கள். ஆனால் டீச்சர் வருகிறாள், நாற்காலிகளுக்கு நடுவில் இடுப்பைத் திருப்பித் திருப்பி என்னிடம்தான் வருகிறாள், எவ்வளவு இலகுவாக வருகிறாள், இத்தனை நாள் இந்த நடையை எங்கே வைத்திருந்தாள். பக்கத்தில் உட்காராமல் நின்றுகொண்டே, சின்ன வழிக்கு நானும் வர்றேன், உங்ககூட, பேர் கொடுத்துடட்டுமா என்கிறாள், மேலதான் போய்ப் பாத்தாச்சே, அது போதும் என்கிறாள். இதோ, கேட்டாயிற்று. இதற்காகத்தானே வந்தேன், இதற்காகத்தானே மூன்று மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு போனைப் பார்த்துக்கொண்டு இருந்தேன், சரி என்று ஒரு வார்த்தை, சொல்லிவிட்டால் முடிந்தது. இது பரிதாபமா? இல்லை, பரிதாபம் என்றால் முகத்தில் தெரிந்துவிடும், எத்தனை பேர் ரிப்போர்ட் வாங்கிக்கொண்டு போவதைப் பார்த்திருக்கிறேன், எனக்குத் தெரியும், இது அது இல்லை. ஆறு வருஷமும் இப்படித்தான் கேட்டாள் போலிருக்கிறது, நான்தான் வேறு எங்கோ பார்த்துக்கொண்டு இருந்தேன்.

மேல என்ன இருக்கு என்று கேட்கிறேன். ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை, கேட்டுவிட்டேன். அவள் முகம் மாறுகிறது, கண் விரிகிறது, அய்யோ, அங்க நின்னா ரெண்டு பக்கமும்... என்று கையைத் தூக்குகிறாள், அவள் கோப்பையில் இருக்கிற டீ ததும்புகிறது, ஆறு வருஷத்தில் இவளை இப்படி நான் பார்த்ததில்லை, சின்னப் பெண் மாதிரி இருக்கிறாள், சொல்லு, முழுக்கச் சொல்லு... என் முகத்தைப் பார்க்கிறாள். கை கீழே இறங்குகிறது. ஒண்ணுமில்ல, வெறும் பாறதான் என்கிறாள், காத்து வேற, நிக்கவே முடியல, நீங்க ஒண்ணும் பெரிசா விட்டுடல. அவள் பொய் சொல்வதை இவ்வளவு பக்கத்தில் நின்று நான் பார்த்ததே இல்லை, எப்போதும் முதுகைத்தானே பார்த்துக்கொண்டு வந்திருக்கிறேன். எவ்வளவு நன்றாகச் சொல்கிறாள், கொஞ்சம்கூடத் தடுமாறாமல், அடிப்பாவி, இதில் கோபப்பட எனக்கு என்ன இருக்கிறது, கோபம் மட்டும் அப்படியே இருக்கிறது, இன்னும் கூடுதலாகவே இருக்கிறது, அவளைத் திட்டவும் முடியவில்லை, கையைப் பிடித்துக்கொள்ளவும் முடியவில்லை. முன்வரிசையிலிருந்து மருந்துக்கடைக்காரி, டீச்சர், நம்ம பேரக் கேக்கறாங்க என்று கூப்பிடுகிறாள். எக்ஸ்ரே அம்மா, உங்கள எந்த வழியில போட என்று விசில் சாரும் கேட்கிறார். அவள் போகவில்லை. நான் ஏதாவது சொல்லட்டும் என்று அப்படியே நிற்கிறாள், ஆறிக்கொண்டிருக்கிற டீயோடு. நான் சொல்லாமல் இருக்கிற வரைக்கும் நிற்பாள் என்று எனக்குத் தெரிகிறது, தெரிந்துகொண்டே நான் வாயைத் திறக்காமல் இருக்கிறேன்.