திரும்பிப் பார்க்காமல் போட்ட பழம்

எலுமிச்சம்பழத்தைப் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வரவேண்டும் என்பது தனலெட்சுமியின் கண்டிப்பான உத்தரவு. மாயாண்டி அந்த உத்தரவில் இம்மியும் பிசகவில்லை. வினையே அங்கேதான் தொடங்கியது.

கோலா சாவா பக்கத்துத் தோட்டத்தில் காலமெல்லாம் டிராக்டர் ஓட்டி ஓய்ந்தவர் மாயாண்டி. எண்ணெய்க்கு வளர்க்கும் செம்பனைக் காட்டின் ஓரத்தில் சின்னதாக ஒரு சொந்த வீடு. ஒரே மகன் தேவன், சிரம்பான் நகரத்தில் வேலை. போன வருஷம் அவனுக்கும் இந்துமதிக்கும் கல்யாணம் ஆனது. பெண்ணின் அப்பா சிரம்பானில் மளிகைச் சாமான் மொத்த வியாபாரி; நகரத்தை ஒட்டிய பாரோயில் மாடி வீடு. நல்ல இடம்தான். நல்ல இடமாக இருந்ததே தனலெட்சுமிக்குத் தலைவலியாகவும் போய்விட்டது.

மாதத்தில் ஒரு சனிக்கிழமை மகனும் மருமகளும் வருவார்கள். இந்துமதி சாப்பிடுவாள், சிரித்துப் பேசுவாள், போட்ட நாற்காலியில் போட்டபடி உட்கார்ந்திருப்பாள். இருட்டுவதற்குள் கார் கிளம்பிவிடும். கல்யாணமாகி இத்தனை மாதத்தில் அவள் மாமியார் வீட்டில் ஒரு ராத்திரி தங்கியதில்லை. அக்கம்பக்கத்தார் வாய்விட்டுக் கேட்கவில்லை. ஆனால் கார் கிளம்பும் நேரம் பார்த்து எல்லோருக்கும் வாசலில் ஏதோ ஒரு வேலை வந்துவிடும்.

காரணத்தைத் தனலெட்சுமியே கண்டுபிடித்தாள். கக்கூஸ்தான். வீட்டுக்குப் பின்னால், வாழைமரத்தை ஒட்டி, தகரக் கதவு போட்ட குந்துகிற கக்கூஸ். ராத்திரி அவசரம் என்றால் ஒரு கையில் குடை, ஒரு கையில் டார்ச்லைட், தவளைகளுக்கு அஞ்சாத நெஞ்சு, மூன்றும் வேண்டும். பாரோய்ப் பெண் எப்படித் தங்குவாள்? மாயாண்டிக்கு இதில் முழு நம்பிக்கை இல்லை. ஆனால் அந்த வீட்டில் தீர்ப்பு சொன்ன பிறகு மேல்முறையீடு கிடையாது.

ஆகவே சமையலறையை ஒட்டி ஒரு புது அறை எழும்பியது. அதில் வெள்ளை வெளேரென்று, மேலே இரண்டு பொத்தான் வைத்த, உட்காருகிற டாய்லெட். ரந்தாவ் ஹார்ட்வேர் கடைக்காரர் அடைப்பெடுக்கிற, மரப்பிடி வைத்த ரப்பர் பம்ப் ஒன்றைச் சும்மா கொடுத்திருந்தார். அது பிளாஸ்டிக் உறையோடு கதவுக்குப் பின்னால் தொங்கியது. மருமகள் வந்து முதலில் உபயோகிக்கட்டும் என்று தனலெட்சுமி ஒருவரையும் உள்ளே விடவில்லை. சொந்தக் காசில் கட்டிய மாயாண்டியே இன்னும் வாழைமரத்தடிக்குத்தான் போய்வந்துகொண்டிருந்தார்.

அந்தச் சனிக்கிழமை கார் வந்து நின்றதும் இந்துமதியை வாசலிலேயே நிறுத்தினாள் தனலெட்சுமி. வீட்டு மரத்தில் காய்த்த பெரிய எலுமிச்சம்பழத்துக்கு உச்சியில் குங்குமம் தடவி, மருமகளின் தலையைச் சுற்றிக் கண்ணேறு கழித்துப் புருஷன் கையில் கொடுத்தாள். ஓடுகிற தண்ணீரில் போட வேண்டும், போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்கக் கூடாது. தேவன் காரை விட்டு இறங்கியதும் இறங்காததுமாக, கூட்டாளி சந்திரனின் வேனில் தொற்றிக்கொண்டு லிங்கிக்கு ஆற்று இறால் வாங்கப் போய்விட்டான். இந்துமதிக்கு இறால் என்றால் உயிர்.

ஓடுகிற தண்ணீர் என்றால் செம்பனைக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஆறு. மாயாண்டி செருப்பை மாட்டினார். மழை பிடித்துக்கொண்டது, சும்மா இல்லை, கூரையைப் பிய்க்கிற மழை. பின்வாசலில் பழமும் கையுமாக நின்று அவர் யோசித்தார். டாய்லெட்டில் வருவதும் ஓடுகிற தண்ணீர்தானே? அது எங்கெங்கோ சுற்றிக் கடைசியில் ஆற்றுக்குத்தானே போகும்? செப்டிக் டேங்க் என்று ஒன்றைத் தம் கண்முன்னேதான் புதைத்தார்கள் என்பது அந்த நேரத்தில் அவருக்கு ஞாபகம் வரவில்லை. ஓசைப்படாமல் உள்ளே போனார், பழத்தைப் போட்டார், பெரிய பொத்தானை அமுக்கினார், திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டார்.

திரும்பிப் பார்த்திருந்தால் அது போகவில்லை என்பது தெரிந்திருக்கும்.

தெரிந்தது தனலெட்சுமிக்கு. மருமகள் போவதற்கு முன் மருந்து ஊற்றி ஒருமுறை அலசிவிடலாம் என்று அவள் பொத்தானை அமுக்க, தண்ணீர் கீழே போகாமல் மேலே ஏறியது. விளிம்புவரை வந்து தளதளவென்று நின்றது. இத்தனை நாள் பொத்திப் பொத்திக் காத்ததற்கு இப்படியா என்று புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். பிறகு, இது ஊர்க்கண்தான், இன்னொரு பழம் பறித்து வாருங்கள் என்றாள். மாயாண்டிக்குத் தூக்கிவாரிப்போட்டது.

உண்மையைச் சொல்லலாம். சொன்னால், கழித்த கண்ணேற்றை வீட்டுக்குள்ளேயே, அதுவும் அந்தப் பெண் உட்காரப் போகிற இடத்திலேயே போட்டீர்களா என்று அவள் கேட்பாள். அதற்குப் பதில் இல்லை. சொல்லாவிட்டால் டாய்லெட் இல்லை. டாய்லெட் இல்லாவிட்டால் மருமகள் சாயங்காலம் போய்விடுவாள். தனலெட்சுமி இன்னொரு மாதம் வாசலில் கைகாட்டிவிட்டு, உள்ளே வந்து பேசாமல் பாத்திரம் துலக்குவாள். அதை மாயாண்டியால் பார்க்க முடியாது. யாருக்கும் தெரியாமல் தாமே சரிசெய்துவிடுவது என்று முடிவுகட்டினார்.

டிராக்டரையே பிரித்து மாட்டியவருக்கு இது ஒரு வேலையா என்ற இறுமாப்பும் கொஞ்சம் இருந்தது. மனைவிக்குச் சந்தேகம் வரக்கூடாதே என்று, கோளாறு மேல்தொட்டியில்தான் என்று அறிவித்து, அவளை முன்கூடத்துக்கு அனுப்பிவிட்டு மூடியைக் கழற்றினார். நன்றாக இருந்த மிதவையைத் திருகினார். அதுவரை ஒழுங்காக நின்றுகொண்டிருந்த தண்ணீர் இப்போது நிற்காமல் ஒழுக ஆரம்பித்தது. ஆக, ஒரு கோளாறு இரண்டாகியது. பம்பை உறையிலிருந்து உருவி, பகைவனைக் குத்துவதுபோல் ஓங்கி ஓங்கிக் குத்தினார். பழம் இன்னும் உள்ளே இறங்கியது. தண்ணீர் அவர் முழங்கால்வரை தெறித்தது.

"மாமா, தள்ளாதீங்க. இழுக்கணும்."

டாய்லெட் வாசலில் இந்துமதி நின்றுகொண்டிருந்தாள். பட்டுப் பாவாடையை இழுத்து இடுப்பில் செருகியிருந்தாள். மாயாண்டி பம்பை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். நீ போய் உட்காரும்மா என்று வழியை மறித்தார். அவள் அவரை நாசூக்காக விலக்கிவிட்டு உள்ளே வந்தாள்.

முதலில் குனிந்து, சுவரோரக் குழாயைத் திருகித் தொட்டிக்கு வரும் தண்ணீரை அடைத்தாள். ஒழுக்கு நின்றது. டாய்லெட் கிண்ணத்தில் ஏறியிருந்த தண்ணீரில் பாதியைக் கெண்டிக் குவளையால் வாளிக்கு மாற்றினாள். பாத்திரம் கழுவுகிற சோப்பைத் தாராளமாக ஊற்றினாள். கெட்டிலில் இருந்த சுடுதண்ணியில் பச்சைத் தண்ணி கலந்து, கை பொறுக்கும் சூட்டில் மேலேயிருந்து விட்டாள். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் பீங்கான் வெடித்துவிடுமாம். சோப்பு இறங்கட்டும் என்று காத்திருந்த நேரத்தில், மேல்தொட்டியில் மாமனார் கெடுத்து வைத்திருந்த மிதவையையும் பழையபடி திருப்பி வைத்தாள்.

எங்கே கற்றாய் என்று கேட்காமல் இருக்க அவரால் முடியவில்லை. பாரோய் வீட்டில் சித்தப்பா குடும்பத்தையும் சேர்த்து ஒன்பது பேர். அப்பாவுக்கு வெளியாள் பாத்ரூமுக்குள் வந்தால் பிடிக்காது, தாமும் தொடமாட்டார். அதனால் அந்த இலாகா சின்ன வயதிலிருந்தே அவளுடையதாம். சொல்லும்போது அவள் குரலில் ஒரு பெருமை இருந்தது. மாயாண்டி தம் மருமகளை அன்றுதான் முதல்முறையாகப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

அவள் பம்பின் ரப்பரைக் கிண்ணத்தின் துளைமேல் சரியாகப் பொருத்தி, மெதுவாக அமுக்கி, வெடுக்கென்று இழுத்தாள். மறுபடி மெதுவாக அமுக்கி, வெடுக்கென்று இழுத்தாள். உள்ளே என்னவோ புரண்டது. கடைசியாக ஒரு பெருமூச்சுச் சத்தத்தோடு, சோப்பு நுரையின் நடுவே, உச்சியில் குங்குமம் இன்னும் லேசாக ஒட்டியிருக்க, எலுமிச்சம்பழம் மேலே வந்து மிதந்தது.

இரண்டு பேரும் அதைப் பார்த்தார்கள். பிறகு அவள் அவரைப் பார்த்தாள்.

"மழைம்மா," என்றார் மாயாண்டி.

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு சிரிப்பை அடக்கினாள், அடங்கவில்லை. பிளாஸ்டிக் பைக்குள் கையை விட்டுப் பழத்தை எடுத்து, பையைப் புரட்டி முடிச்சுப் போட்டு, மாமனாரின் சட்டைப்பையில் திணித்தாள். சத்தம் கேட்டுத் தனலெட்சுமி வருவதற்கும் தண்ணீர் கடகடவென்று இறங்குவதற்கும் சரியாக இருந்தது. இறங்கின தண்ணீரை அவள் பார்க்கவில்லை. மருமகளின் கையில் இருந்த பம்பைத்தான் பார்த்தாள்.

புருஷனுக்கு விழுந்தது பாருங்கள் ஏச்சு. வந்த பிள்ளையைக் கக்கூஸ் கழுவ விட்டீர்களே, நாளைக்கு அவள் வீட்டில் என்ன நினைப்பார்கள், இனிமேல் எப்படித் தங்குவாள் என்று அழுகிற குரலில் கொட்டித் தீர்த்துவிட்டுப் பம்பைப் பிடுங்கப் போனாள். இந்துமதி பிடியை விடவில்லை.

"அத்தை, நான் எப்ப தங்கமாட்டேன்னு சொன்னேன்? மாசா மாசம் பை கட்டிக் கொண்டாறேன். கார் பின்னாடிதான் இருக்கு. அஞ்சு மணியானா நீங்களே முறுக்கு, ஊறுகா எல்லாம் கட்டிக் குடுத்து, இருட்டறதுக்குள்ள கெளம்பும்மாங்கிறீங்க. இருன்னு ஒரு வார்த்தை சொன்னதில்ல. நாற்காலிய விட்டு எழுந்திருக்கவும் விட்டதில்ல. எனக்கு இங்க எடம் இல்லபோலன்னு நெனச்சுக்கிட்டேன்."

கேட்டால் இல்லை என்று சொல்லிவிடுவாளோ என்கிற பயத்தில், கேட்காமலேயே மாதாமாதம் தனலெட்சுமியே வழியனுப்பி வைத்திருக்கிறாள். அந்தக் கக்கூஸை நினைத்து வெட்கப்பட்டதில், பிள்ளையின் முகத்தை நிமிர்ந்து பார்க்கவே இல்லை. அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. பம்பை அப்படியே மருமகளின் கையில் விட்டுவிட்டாள்.

"இரும்மா," என்றாள். ஒரே வார்த்தை. இத்தனை மாதமாகத் தொண்டையிலேயே கிடந்த வார்த்தை.

"இருக்கேன் அத்தை. கையக் கழுவிட்டு வரேன், எறால நானே உரிக்கிறேன்."

மாயாண்டி கார்ச் சாவியை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். மழை இன்னும் குறையவில்லை. எதிர்வீட்டு வாசலில் தாயம்மா, அந்த மழையிலும் என்னவோ வேலையாக நின்றுகொண்டிருந்தாள். சட்டைப்பையில் பழம் கனத்தது. ஆற்றுக்குப் பிறகு போய்க்கொள்ளலாம். செருப்பைக்கூடத் தேடாமல் முற்றத்தில் இறங்கி, காரின் பின்கதவைத் திறந்து, மருமகளின் பையைத் தூக்கித் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு, தாயம்மாவுக்கு நன்றாகத் தெரியும்படி மெதுவாக நடந்து வந்தார்.