எண்ணூர்க்கார எறும்பு

"கப்பல்ல வந்த எறும்புன்னு எழுதிட்டுப் போயேன், அதுல உனக்கு என்ன—"

"எந்தக் கப்பல் மேடம்? பேர் சொல்லுங்க—"

"துறைமுகத்துப் பக்கம் புதுசா எந்தப் பூச்சி கிடைச்சாலும் அது மரக்கட்டையோட, கண்டெய்னரோட வந்து இறங்கினதுதான். எத்தனை வருஷமா நான் இதைப்—"

"இறங்குச்சுன்னா ஏறுன ஊரு ஒண்ணு இருக்கணும்ல? அந்த ஊர்ல இத எவனாவது பாத்துகிறானா?"

"பார்த்திருக்கிறானான்னு பேசு. இது ஆய்வுக்கூடம், வியாசர்பாடி மார்க்கெட் இல்ல."

பள்ளிக்கூட நாளில் வியாசர்பாடிக் குடியிருப்பில் கையுறை மாட்டிக் குத்துச்சண்டை போட்டவள் மகிழினி. குத்து வாங்கினதும் திருப்பிக் குத்தினால் குறி தப்பும், ஒரு மூச்சு விட்டுவிட்டுத்தான் கையை நீட்ட வேண்டும் என்பது அங்கே படித்த பாடம். ஒரு மூச்சு விட்டாள்.

"எங்க மார்க்கெட்ல எந்தப் பக்கத்து மீனுன்னு தெரியாம கூறு கட்ட மாட்டாங்க மேடம்."

ஜெயஸ்ரீயின் முகம் சிவந்தது. மகிழினியின் ஆராய்ச்சிக்கு வழிகாட்டி அந்த அம்மாள்தான். திருவொற்றியூரில் ஒரு கல்லூரியின் விலங்கியல் கூடத்தில், ஜன்னலுக்கு வெளியே கண்டெய்னர் லாரிகள் உறுமிக்கொண்டிருக்க, இருவருக்கும் நடுவில் ஒரு நுண்ணோக்கி இருந்தது. அதன் அடியில், ஊசியில் குத்திய முக்கோணக் காகிதத்தின் நுனியில், எள்ளைவிடக் கொஞ்சம் நீளமாக, துருப்பிடித்த நிறத்தில் ஓர் எறும்பு ஒட்டப்பட்டிருந்தது. ஊசிக்குக் கீழே நகமளவு சீட்டு.

எறும்புக்குப் பெயர் வைக்கிறவர்களின் வழக்கம் அது. முதன்முதலில் விவரித்து எழுதுகிற எறும்பை எங்கே எடுத்தார்களோ அந்த இடத்தைச் சீட்டில் எழுதிவிட்டால், அதுவே அந்த இனத்துக்கு என்றென்றைக்கும் சொந்த ஊர். மகிழினி எழுதியிருந்தது: எண்ணூர், கொசஸ்தலை ஆற்றுக் கழிமுகம், சேற்றுக்கரை. இனத்துக்கு வைத்த பெயரும் எண்ணூரை ஒட்டித்தான். ஜெயஸ்ரீ பென்சிலும் கையுமாக நின்று, அதை அடித்துவிட்டு 'கப்பல்வழி வந்தேறி' என்று எழுதச் சொன்னாள்.

காரணம் இருவருக்கும் தெரியும். அந்தச் சேற்றுக்கரையில் மண்ணைக் கொட்டி மேடாக்கிக் கண்டெய்னர் நிறுத்த ஒரு கம்பெனி காத்திருந்தது. அங்கே கப்பலில் வந்த எறும்புகளைத் தவிர எதுவும் கிடையாது என்று முன்பு ஆய்வு செய்து கையெழுத்துப் போட்டவள் ஜெயஸ்ரீ. நாளைக் காலை ஊர்க்காரர்களைக் கூட்டிக் கருத்துக் கேட்கிறார்கள். வேறெங்கும் இல்லாத இனம் ஒன்று அங்கே இருக்கிறதென்றால், முதல் லாரி மண் விழுவதற்குள் யாராவது பதில் சொல்லியாக வேண்டும்.

"அன்னிக்கு எங்க எறும்பு எடுத்தீங்க மேடம்?"

"ரோட்டோரம். சர்க்கரைத் தண்ணி வெச்சு."

"சேத்துல எறங்கலையா?"

"சேத்துல எறும்பு இருக்கும்னு யாரு நினைப்பா? தண்ணி ஏறினா மூழ்கிடுமே."

"மூழ்காது. அதான் கதவு வெச்சிகினு கீதே!"

மேசையோரம் ஒரு கண்ணாடிப் பெட்டி. உள்ளே செத்த நத்தை ஓடுகள். அவைதான் எறும்பின் வீடு. கூட்டத்தில் சிலவற்றுக்கு மட்டும் தலை பெரிதாக, முன்பக்கம் தட்டையாக, தக்கை மாதிரி இருக்கும். கடல் ஏற்றத்தில் ஆற்றுத் தண்ணீர் ஏறுவதற்கு முன் அந்தத் தலையால் ஓட்டின் வாயை அடைத்துவிடும். போன வாரம் கரையிலிருந்து கொண்டுவந்து சொட்டுத் தண்ணீர் படாமல் வைத்திருந்தும், ஆற்றில் தண்ணீர் ஏறும் வேளை வந்தால் அடைத்தது.

ஜெயஸ்ரீ போனை எடுத்துத் தேய்த்து, கடல் ஏற்ற இறக்க நேரங்களைப் பார்த்தாள். "கடலைப் பத்தி எனக்குச் சொல்லாதே. இதே வடசென்னைக் கரையில, காசிமேட்டுல பொறந்து வளர்ந்தவ நான். இதோ பாரு, துறைமுகத்துல தண்ணி ஏற ஆரம்பிச்சு எவ்வளவு நேரமாச்சு! உன் எறும்பு வாசலைத் திறந்து போட்டுட்டு ஊர் சுத்துது. எங்கேம்மா உன் கதவு?"

எறும்புகள் சாவகாசமாகத்தான் திரிந்தன. மகிழினிக்குச் சட்டென்று ஏதோ உறைக்க, கழிமுகத்தில் வலை போடும் கோதண்டத்துக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள்.

"அண்ணா, ஆத்துல தண்ணி எப்டி கீது?"

"இன்னா கண்ணு, எறும்புக்கு ஜொரமா?"

"வெளாடாதண்ணா. தண்ணி ஏறிச்சா?"

"எங்க ஏறுது? மொகத்துவாரத்துல மண்ணு அடச்சிகினு கீதே! கடல்ல ஏறி, நம்ம ஒரு தூக்கம் போட்டு எந்திரிச்சாத்தான் இங்க வரும். இரு இரு... படகு ஆடுது. தோ, வந்துகினு கீது பாரு."

ஜெயஸ்ரீ பெட்டியின் மேல் குனிந்தாள். உள்ளே ஓட்டம் பிடித்திருந்தது. வெளியே கிடந்த தங்கள் புழுக்குஞ்சுகளைக் கவ்விக்கொண்டு எறும்புகள் ஓட்டுக்குள் நுழைந்தன. கடைசியில் ஒன்று தடுமாறி உள்ளே போனதும், துருநிறத் தலை ஒன்று வாசலுக்கு வந்து கச்சிதமாகப் பொருந்தி நின்றது. பிறகு அடுத்த ஓடு. அதற்கடுத்ததும்.

"இன்னாச்சு கண்ணு, பேச்சக் காணோம்?"

"ஒண்ணுமில்லண்ணா. நாளைக்குக் கூட்டத்துல பாக்கலாம்." போனை வைத்தாள். "துறைமுகத்துத் தண்ணி இதுக்குத் தெரியாது மேடம். ஆத்துத் தண்ணிதான் தெரியும். நேத்து வந்து எறங்குனதுக்கு இந்தப் பழக்கமெல்லாம் வராது."

ஜெயஸ்ரீ நாற்காலியைத் தேடி உட்கார்ந்தாள். குரல் இறங்கியது. "புரியுதும்மா. ஆனா நாளைக்கு என் கையெழுத்தையே எடுத்து என் மூஞ்சில அடிப்பாங்க. இப்ப கட்டுரையை வந்தேறின்னு எழுதியே அனுப்பு. அடுத்த வருஷம் திருத்திக்கலாம்."

"அடுத்த வருஷம் திருத்துறதுக்கு அங்க சேறு இருக்காது."

"என்னை மீறி அனுப்பினா உன் பட்டத்துக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

"தெரியும் மேடம்."

மகிழினி மடிக்கணினியைத் திருப்பி, கட்டுரையில் வழிகாட்டியின் பெயர் இருந்த வரியை அழித்தாள். அப்படியே ஆய்விதழுக்கு அனுப்பினாள்.

"திமிரு! எண்ணூர்னு பேர் வெச்சா எவன் மதிப்பான்? வடசென்னையில என்ன இருக்கு? சாம்பலும் சேறும். இங்க இருக்கறதெல்லாம் எங்கிருந்தோ வந்து ஒட்டிக்கிட்டதுதான்."

மகிழினி ஊசியைச் சீட்டோடு எடுத்து ஒரு டப்பாவில் பத்திரப்படுத்தினாள். கண்ணாடிப் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு வாசல்வரை போனவள், திரும்பி நின்றாள்.

"அப்போ நீங்க எந்தக் கப்பல்ல வந்தீங்க மேடம்?"