தொண்டையும் மூக்கும்

காலையில் எழுந்ததும் உப்புப் போட்ட வெந்நீரில் கொப்பளிப்பேன். பிறகு குளியல். பிறகு சட்டைக்கு இஸ்திரி. ரொட்டியை நின்றுகொண்டே சாப்பிடுவேன். கேஸை மூடினேனா என்று பார்ப்பேன். கதவைப் பூட்டிய பிறகு திறந்து இன்னொரு முறை பார்ப்பேன். பேருந்தில் ஏறும்வரை யாரிடமும் பேசுவதில்லை. வீட்டில் பேச ஆளில்லை. குரலை வைத்துப் பிழைக்கிறவனுக்கு அது ஒரு வகையில் வசதி.

பேருந்தில் இடம் பிடித்து உட்கார்ந்ததும் மாமனார் கூப்பிடுவார். அன்றும் கூப்பிட்டார்.

"மாப்பிள்ளை, இன்னைக்கு உங்க ஆளுங்க என்ன பண்ணப் போறாங்க?"

"சந்திக்கப் போறாங்க மாமா. மத்தியானம் நேரலை."

"சந்திச்சு?"

"கை குலுக்குவாங்க."

"அதுக்கு ரெண்டு பேரும் ஆளுக்கொரு விமானத்துல போகணுமா? அந்த எண்ணெய்ச் செலவுக்கு நாலு தெருவுக்குக் குழாய் போட்டுடலாம்."

குடிநீர் வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். உலகத்தின் எந்தச் செலவையும் குழாயில்தான் அளப்பார்.

'உங்க ஆளுங்க' என்று அவர் சொன்னதில் தவறில்லை. நான் ஒரு செய்தித் தொலைக்காட்சியில் இருக்கிறேன். வெளிநாட்டுத் தலைவர்கள் திரையில் வாயசைக்க, மேலே ஓடும் தமிழ்க் குரல் என்னுடையது. ஒரு நாடு இன்னொரு நாட்டுக்குள் புகுந்து அடித்துக்கொண்டிருக்கும் போரில், இரண்டு நாட்டு அதிபர்களுக்கும் நானே குரல். புகுந்தவர் அடித்தொண்டையில் பேசுவார், குளிரில் கிளம்ப மறுக்கும் லாரி மாதிரி. அடி வாங்குகிறவர் மூக்கால் பேசுவார். அலுவலகத்தில் யாரும் அவர்கள் பெயரைச் சொல்வதில்லை. பலகையிலேயே 'தொண்டை - பதினொரு மணி, மூக்கு - மதியச் செய்தி' என்றுதான் எழுதியிருக்கும். காலையில் தொண்டையாகப் போரை அறிவிப்பேன். டீ குடித்துவிட்டு வந்து மூக்காக அதைக் கண்டிப்பேன்.

"காலையில ஊரையே கொளுத்துவேன்னு கத்துனீங்க. இப்ப அடுப்பைப் பத்த வைங்கன்னா லைட்டர் எங்கேன்னு கேக்குறீங்க" என்பாள் என் மனைவி.

தலைவர்கள் டிவியில் பேசினால் அவள் பதில் பேசுவாள், வீட்டுக்கு வந்து கிளம்பாமல் உட்கார்ந்திருக்கும் உறவுக்காரர்களிடம் பேசுவது போல. "சரிப்பா, நீ பேசுனது போதும், எந்திரி. உன் பொண்டாட்டி தேடப்போறா." தொண்டைக்கு அவள் மேல் பயம் இருந்திருக்க வேண்டும். எழுந்து போய்விடுவார்.

போன வருடம் இறந்துவிட்டாள். இதயத்தில் ஒரு வால்வு. வருகிற வெள்ளிக்கிழமையோடு ஒரு வருடம்.

அந்த வெள்ளிக்கிழமைதான் இப்போது பிரச்சினை. நாளிதழில் நினைவஞ்சலி போடுவது என்று முடிவாகிவிட்டது. படம், பெயர், தேதிகள். படத்துக்குக் கீழே அவள் கடைசியாகச் சொன்ன வார்த்தை. மாமனாரின் யோசனை அது. எந்த வார்த்தை என்பதில்தான் சண்டை.

மாமனார் கணக்கில் அவள் கடைசியாகச் சொன்னது, "அப்பாவை நல்லாப் பாத்துக்குங்க." அவளுடைய சித்தி கணக்கில், "சித்தியை அழ வேண்டாம்னு சொல்லுங்க." சிறு வயதிலேயே தாயை இழந்தவளை வளர்த்தது தாயின் தங்கையான இந்தச் சித்திதான். தையல் கடை வைத்திருக்கிறார். உண்மையில் அந்த நேரத்தில் இருவருமே பக்கத்தில் இல்லை. ஒருவர் பில் கட்டும் வரிசையில், இன்னொருவர் மருந்துக் கடையில். அறுவை சிகிச்சைக்குக் கொண்டுபோகும்போது கூட இருந்தவன் நான் மட்டும். ஆனால் இந்த ஒரு வருடத்தில் இரண்டு வாக்கியங்கள் தாமாக வளர்ந்து, நடக்கப் பழகி, வீடு வீடாகப் போய்வந்துவிட்டன. யாரும் என்னைக் கேட்கவில்லை. எனக்குச் சொன்னார்கள். செய்தித் தொழிலில் இருப்பவனுக்கு இதில் ஆச்சரியம் கிடையாது.

ஒரு மாதமாக இருவருக்கும் பேச்சில்லை. தூது நான்.

"அத்தான்கிட்ட சொல்லிடுங்க தம்பி. வளத்தது யாருன்னு ஊருக்கே தெரியும்."

"அந்தம்மாகிட்ட சொல்லுங்க மாப்பிள்ளை. பெத்தது யாருன்னு பிறப்புச் சான்றிதழ்லயே இருக்கு."

அன்று மாலை ஆறு மணிக்குள் வாசகத்தைக் கொடுத்தாக வேண்டும். "நீங்க ஒரு வார்த்தை சொன்னா அந்தம்மா அடங்கிடும்" என்றார் மாமனார். பேருந்து இரண்டு நிறுத்தம் தாண்டியதும் சித்தியும் அழைத்து அதையே சொன்னார், 'அந்தம்மா' இருந்த இடத்தில் 'அத்தான்'.

அவள் கடைசியாகச் சொன்னது என்னிடம் இருந்தது. அதைச் சொன்னால் இரண்டு பேரும் உடைந்துபோகலாம். சொல்லாவிட்டால், அவள் சொல்லாத ஒன்று அவள் படத்துக்குக் கீழே அச்சாகும். பேருந்தை விட்டு இறங்கும்வரை இதற்குமேல் யோசனை ஓடவில்லை.

அலுவலகத்தில் பொறுப்பாசிரியர் வாசலிலேயே நின்றார்.

"யப்பா, மூக்குக்கு வர்றவனுக்குப் பல் வலி. கன்னம் பன்னு மாதிரி இருக்கு. ரெண்டையும் நீயே பாத்துக்கிறியா?"

"நேரலையாச்சே மேடம்."

"பதிவுல ரெண்டும் நீதானே பண்ற?"

பதிவு வேறு, நேரலை வேறு. பதிவில் தொண்டையை முழுதாக முடித்துவிட்டு, தண்ணீர் குடித்து, மூக்குக்கு மாறலாம். நேரலையில் ஆளுக்கொரு குரலாக இரண்டு பேர் உட்காருவோம். காரணம் இருக்கிறது. தலைவர்கள் அவரவர் மொழியில் பேசுவார்கள். அங்கே ஒரு பெண் இரண்டையும் ஆங்கிலத்தில் சொல்வாள். என் காதுக்கு வருவது அவள் குரல் மட்டுமே. காதில் ஒரே பெண், வாயில் இரண்டு ஆண்கள். யார் பேசுகிறார்கள் என்பதைத் திரையில் உதடுகளைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதல் பாதி நன்றாகவே போனது. தொண்டை தன் மண்ணின் பெருமையைப் பற்றிப் பேசினார். மூக்கு தன் மண்ணின் பெருமையைப் பற்றிப் பேசினார். இரண்டும் ஒரே மண்தான் என்பதுதான் சண்டையே. பிறகு கேள்வி நேரம். ஒரு நிருபர் எழுந்து கேட்டார், கேள்வி மூன்று வாக்கியம் நீளம். கேமரா அவரைக் காட்டியது. பதில் தொடங்கிவிட்டது, கேமரா இன்னும் அவரிடமே நின்றது. பிறகு கொடிகளைக் காட்டியது. பிறகு ஒரு பூச்சாடியை. என் காதில் அந்தப் பெண் பேசிக்கொண்டே இருந்தாள். நேரலையில் மௌனம் கூடாது. இது தொண்டையின் முறை என்று நினைத்தேன்.

"வழி ஒன்றுதான்" என்றேன், அடித்தொண்டையில். "படைகள் பழைய எல்லைக்குத் திரும்பும். கைதிகள் வீட்டுக்குப் போவார்கள். உடைத்த பாலத்தை உடைத்தவர்களே கட்டித் தருவார்கள். இதில் பேச இனி எதுவும் இல்லை."

கேமரா மெதுவாகத் திரும்பியது. உதடு அசைத்துக்கொண்டிருந்தவர் மூக்கு. பக்கத்தில் தொண்டை எதையோ மென்றுகொண்டிருந்தார்.

மூக்கு சொன்னால் அது பழைய கோரிக்கை. தொண்டை சொன்னால் போர் முடிந்தது.

கீழே ஓடும் பட்டையில் செய்தி போடும் பையன் கெட்டிக்காரன். அதற்குள் சிவப்பில் போட்டுவிட்டான்: 'போர் முடிவு?' கேள்விக்குறியை மட்டும் மறக்கவில்லை. எங்கள் தொழிலில் மனசாட்சி என்று எதையாவது சொல்ல வேண்டுமென்றால் அந்தக் குறியைத்தான் சொல்ல வேண்டும்.

"அடப்பாவி" என்றது காதில் பொறுப்பாசிரியர் குரல். "போரை முடிச்சு வச்சிட்டியே! திருப்பி ஆரம்பி, திருப்பி ஆரம்பி!"

ஆரம்பித்தேன். மூக்குக்கு மாறி, அதே வாக்கியங்களை அழுகைத் தொனியில் சொன்னேன். பட்டையில் திருத்தம் ஓடியது. விளம்பர இடைவேளை வந்தது. உலகம் பழையபடி சரியாகிவிட்டது.

அறையை விட்டு வெளியே வந்தேன். திட்டுவார் என்று நினைத்தேன். பொறுப்பாசிரியர் மேசையில் தலை கவிழ்ந்து சிரித்துக்கொண்டிருந்தார்.

"எத்தனை பேர் போன் பண்ணாங்க தெரியுமா? ஒருத்தர் அழுதுட்டார். திருத்தம் போட்டதுக்கப்புறம் திட்டுனவங்கதான் ஜாஸ்தி. தப்பையே வச்சிருக்கக் கூடாதான்னு கேக்குறாங்க."

என் கைப்பேசியில் மாமனார் அழைப்பு வரிசையாக நின்றது. கூப்பிட்டேன்.

"என்ன மாப்பிள்ளை, இப்படிக் கவுத்துட்டீங்க!"

"தப்பாயிடுச்சு மாமா. குரல் மாறிடுச்சு."

"எனக்கு என்ன தெரியும்? அவ்வளவு பெரிய ஆளே எறங்கி வந்துட்டான், நமக்கென்ன வீம்புன்னு உங்க அத்தைக்குப் போன் போட்டுட்டேன்."

"நல்லதுதானே மாமா."

"என்ன நல்லது? உன் வாசகத்தையே போட்டுக்கன்னு சொல்லிட்டேன். வச்சு முடிக்கல, திருத்தம் போடுறாங்க!"

அத்தை என்று நான் கூப்பிடும் சித்தியும் சற்றுநேரத்தில் அழைத்தார். அவரும் விட்டுக்கொடுத்துவிட்டாராம். "அத்தானே எறங்கி வந்தப்புறம் நான் முறுக்கிக்கிட்டு நிக்க முடியுமா தம்பி? அவர் சொல்றதையே போடச் சொல்லிட்டேன். இப்ப ரெண்டு பேர்ல யாரோடது?"

இரண்டும் இல்லை என்று அப்போதே சொல்லியிருக்கலாம். வீட்டுக்கு வரச் சொன்னேன்.

ஐந்து மணிக்கு வந்தார்கள், ஒரே ஆட்டோவில். படியேறும்போதே சத்தம் கேட்டது. முன்பு தன் வாக்கியத்துக்காகச் சண்டை. இப்போது எதிராளியின் வாக்கியத்துக்காக.

"அத்தான், 'அப்பா'ன்னே இருக்கட்டும். ஒரே அப்பா நீங்க."

"நான் ஒரு தடவை சொன்னாச் சொன்னதுதாம்மா. 'சித்தி'தான்."

"பிடிவாதம், அக்கா சொல்லும்."

"உங்க அக்காவுக்கு இருந்ததுல பாதி எனக்குக் கெடையாது."

நாற்காலியைக் காட்டினேன். உட்காரவில்லை. கடைசியில் மாமனார் என் பக்கம் திரும்பினார். "நீங்களே சொல்லுங்க மாப்பிள்ளை. எதைப் போடுறது?"

"ரெண்டும் வேணாம் மாமா. அவ ரெண்டையும் சொல்லல."

சித்தி நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்.

"அப்ப என்னதான் சொன்னா?" என்று மாமனார் கேட்டார். ஒரு வருடத்தில் முதல்முறையாகக் கேட்டார்.

சொன்னேன். அந்த வார்டில் சுவரில் ஒரு டிவி. ரிமோட்டை யாரோ தொலைத்திருந்தார்கள், சத்தம் குறையாது. தொண்டை பேசிக்கொண்டிருந்தார். முந்தின நாள் நான் கொடுத்த குரல். பின்னால் ஒரு ஊர் புகைந்துகொண்டிருந்தது. 'நிலைமை முழுமையாக எங்கள் கட்டுப்பாட்டில் இருக்கிறது. யாரும் அஞ்சத் தேவையில்லை' என்றார் அவர். அதே நேரத்தில் நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒண்ணும் ஆகாது, சின்ன ஆபரேஷன்தான், டாக்டரே சொல்லிட்டார்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். டாக்டர் அப்படிச் சொல்லவில்லை. அது அவளுக்கும் தெரியும். அவள் டிவியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். தள்ளுவண்டி வந்தது. அப்போதுதான் சொன்னாள்.

சித்திதான் முதலில் சிரித்தார். சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். மாமனாருக்குக் காது கொஞ்சம் மந்தம். "இன்னொரு வாட்டி" என்றார். இன்னொரு வாட்டி சொன்னேன். கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியால் நெடுநேரம் துடைத்தார்.

"அவதான்" என்றார். "வேற யாரும் சொல்ல மாட்டாங்க."

"படத்தை மட்டும் போட்டுக்கலாம் மாமா."

"ஏன்? இதையே போடுங்க."

"சொந்தக்காரங்க சிரிப்பாங்களே அத்தான்" என்றார் சித்தி.

"சிரிக்கட்டும். நீ சிரிக்கல?"

நாளிதழின் விளம்பரப் பிரிவுக்கு அழைத்தேன். ஒரு பெண் எடுத்தாள். வாசகம் சொல்லுங்க சார், எழுதிக்கிறேன் என்றாள். சொன்னேன்.

"சார், இது சரியான வாசகம்தானா? வழக்கமா வேற மாதிரி போடுவாங்க."

"சரியானதுதான். நான் பக்கத்துல இருந்தேன்."

"அப்ப இன்னொரு தடவை மெதுவாச் சொல்லுங்க சார்."

மெதுவாகச் சொன்னேன்.

"ரெண்டு பேரும் ஒரே குரல்ல பொய் சொல்றீங்க. ஒருத்தராவது கொஞ்ச நேரம் சும்மா இருங்க."