பத்துக்கு ஐந்து

பிசியோவுக்கு வேலையில் இது மூன்றாவது வாரம். படிப்பில் தங்கப் பதக்கம். அனுபவம் என்று பார்த்தால் கைக்குழந்தை. சேர்ந்த அன்றே, பெண்கள் கால்பந்து அணி முழுவதையும் உடை மாற்றும் அறையில் உட்காரவைத்து ஞாபகப் பரிசோதனை எடுத்தாள். இவள் பத்து வார்த்தை சொல்வாள். ஐந்து நிமிடம் கழித்து அவர்கள் திருப்பிச் சொல்ல வேண்டும். நாளைக்கு யாருக்காவது தலையில் அடிபட்டால், அன்றைய மார்க்கை இந்த மார்க்கோடு ஒப்பிட்டுப் பார்க்கத்தான் இந்த ஏற்பாடு.

ஒருத்தி ஷவரைத் திறந்துவிட்டாள், ஒருத்தி பாட்டுப் போட்டாள், எல்லாரும் சிரிப்பும் கும்மாளமுமாகத் தப்புத் தப்பாகச் சொன்னார்கள். அத்தனை பேருக்கும் நாலு, மிஞ்சினால் ஐந்து. நம் பிசியோவுக்குச் சந்தேகம் வர வேண்டாமா? வரவில்லை. முதல் நாளே கறாராக இருந்தால் யாருக்கும் தன்னைப் பிடிக்காதே என்று, அவர்களோடு சேர்ந்து சிரித்துக்கொண்டே மார்க் தாள்களில் கையெழுத்துப் போட்டுவிட்டாள்.

இன்று அரையிறுதி. இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால், பந்துக்கு எகிறிய புயல் எதிரணிக்காரியோடு மண்டையும் மண்டையும் மோதிக் கீழே விழுந்தாள். புயல் என்பது அணி வைத்த பெயர். பத்தொன்பது வயசு, பாதிக் கோல் அவள் போடுவதுதான். மருத்துவ அறைக் கட்டிலில் உட்காரவைத்துப் பத்து வார்த்தை சொன்னாள் பிசியோ. ஐந்து நிமிடம் கழித்துத் திருப்பிக் கேட்டபோது ஐந்து வந்தது.

கோச் பழைய தாளை எட்டிப் பார்த்தார். "அப்பவும் அஞ்சு, இப்பவும் அஞ்சு. அப்புறம் என்னம்மா? அனுப்பு."

பிசியோ அனுப்பவில்லை. அன்றைக்குச் சிரித்துக்கொண்டே ஐந்து சொன்னவள், இன்றைக்கு நெற்றி வியர்க்க, உதட்டைக் கடித்துத் தேடியல்லவா அதே ஐந்தைப் பிடித்தாள்?

தாள் சரி என்றால் பெண் ஆடப் போவாள். இன்னொரு அடி விழுந்தால் உயிருக்கே ஆபத்து. தாள் தப்பு என்றால், அதிலுள்ள கையெழுத்து இவளுடையது. மூன்று மாதம் பார்த்துவிட்டுத்தான் வேலையை உறுதி செய்வோம் என்று சொல்லியிருந்தார்கள்.

"சார், அந்தப் பேப்பர் செல்லாது. இவ வேணும்னே தப்பா சொல்லியிருக்கா. நான் கவனிக்காம கையெழுத்து போட்டுட்டேன். இவளோடது மட்டுமில்ல, எல்லார் பேப்பரும் அப்படித்தான்."

"அரையிறுதியில வந்து சொல்ற விஷயமா இது? நாளைக்கு ஆபீசுல இதையே எழுதிக் குடு." கோச் கதவை அறைந்துவிட்டுப் போனார்.

புயல் கட்டிலைக் குத்தினாள். "எல்லா டீம்லயும் இப்படித்தான்க்கா செய்வாங்க! முதல்ல கம்மியா வாங்கினாத்தான் அடிபட்டாலும் ஆடவிடுவாங்க. இதுகூடத் தெரியாம என்ன படிச்சீங்க? என் வாழ்க்கையையே கெடுத்துட்டீங்க!"

பிசியோவுக்குச் சுருக்கென்றது. கேள்வி நியாயமானதுதான், இதை எந்தப் புத்தகமும் அவளுக்குச் சொல்லித்தரவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போக வண்டியைக் கூப்பிட்டாள்.

வெளியே விசில் ஊதி இரண்டாம் பாதி ஆரம்பித்தது. புயல் அழுது ஓய்ந்து, சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கோபத்தின் சாயல்கூட இல்லாமல் திரும்பினாள்.

"அக்கா, மேட்ச் எப்ப ஆரம்பிக்கும்? நான் இன்னும் ஷூவே போடல."

அவள் காலில் சேறு அப்பிய ஷூ இருந்தது. தான் சொன்னது சரியாகிவிட்டதே என்று பிசியோவுக்குத் துளியும் சந்தோஷம் வரவில்லை. அவள் தோளைப் பிடித்துக்கொண்டு, வண்டி எங்கே வருகிறது என்று இன்னொரு தரம் போன் போட்டாள்.