ஸ்வெட்டரின் அளவுக்கு வந்தவர்

ஏழாம் எண் பஸ்ஸை ஓட்டுகிறவர் ஒரு திங்கட்கிழமை காலையில் மனைவி பின்னிய நீல ஸ்வெட்டரைத் தலைவழியாக மாட்டினார். அது சின்னதாக இருந்ததால் அவரும் சின்னதானார். வலி எதுவும் இல்லை. தும்மல் வருவதுபோல் இருந்து வராமல் போயிற்று, அவ்வளவுதான் என்று பிற்பாடு சொன்னார். கால்சட்டை தரையில் குவிந்தது, கைக்கடிகாரம் கழன்று விழுந்தது, ஸ்வெட்டர் மட்டும் அளவெடுத்தாற்போல் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. பள்ளிக்கூடப் பையைத் தேடி உள்ளே வந்த மகள் அப்பாவைப் பார்த்தாள், முதுகோடு முதுகு ஒட்டி நின்று பார்த்தாள், தான்தான் உயரம் என்று உறுதியானதும் சாப்பிடப் போய்விட்டாள்.

தெருவில் யாரும் பெரிதாக ஆச்சரியப்படவில்லை. சாவிக்கடைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவில் இருக்கும் உல்லன் நூல் கடையைப் பற்றி எல்லாருக்கும் தெரியும். அந்தக் கடை நூலில் பின்னியது எதுவும் ஆளுக்குச் சரியாக இருக்காது. ஆள்தான் அதற்குச் சரியாக வந்தாக வேண்டும். பல் டாக்டருக்கு அவருடைய மாமியார் ஒரு குல்லா பின்னிக் கொடுத்தார், அது தவலை மாதிரி வந்தது, டாக்டரின் தலையும் அப்படியே ஆனது. அவருக்கு முன்பே தலைக்கனம் இருந்ததால் நோயாளிகள் வித்தியாசத்தைக் கவனிக்கச் சில வாரங்கள் ஆயின. ஜெராக்ஸ் கடைக்காரருக்கு ஸ்வெட்டர் கை தரையில் புரளும்வரை வந்தது. அவர் கையும் வந்தது. நாற்காலியை விட்டு எழாமலே பரணில் இருக்கும் காகிதக் கட்டை எடுக்க முடிகிறது என்பதால் அவர் அதைச் சரிசெய்யவே மறுத்துவிட்டார். அதே கை அதே கடை நூலில் இன்னொன்று பின்னிப் போட்டால் உடம்பு அந்த அளவுக்கு மாறும். மற்றபடி கழற்றி எறிந்தாலும் பிரித்துப் போட்டாலும் பலன் இல்லை.

கடைக்காரியை ஊசியக்கா என்பார்கள். கொண்டையில் எப்போதும் இரண்டு பின்னல் ஊசிகள் செருகியிருக்கும், ஒன்றை உருவினால் கொண்டை பாதி அவிழும், அதைப் பற்றி அவருக்குக் கவலை கிடையாது. ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் பிடித்த பிடியை விடமாட்டார். ஸ்வெட்டருக்கு நூல் கேட்கிற யாரானாலும் முதலில் ஒரே ஒரு நூல்கண்டுதான் தருவார். ஜன்னலோரம் கிடக்கும் நாற்காலியில் உட்கார்ந்து உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சாம்பிள் பின்னிக் காட்ட வேண்டும். அதன்மேல் ஸ்கேலை வைத்து, இத்தனை கண்ணிக்கு இத்தனை அகலம் என்று அளந்து, அந்தக் கையின் இறுக்கம் தெரிந்தபிறகுதான் மிச்ச நூலை எடுத்து வைப்பார். அவசரம் என்று கெஞ்சுகிறவர்களிடம் அவர் சொல்வது ஒன்றுதான். "சாம்பிள் போடாம ஸ்வெட்டர் பின்னறது அளவு பாக்காம செருப்பு வாங்கற மாதிரின்னு நெனைக்கறீங்க. இந்தக் கடையில அது அளவு பாக்காம காலயே வாங்கற மாதிரி."

ஓட்டுநரின் மனைவி அந்தக் கடையின் மிகப் பழைய வாடிக்கைக்காரி. கண்ணாடிக் கடையில் பில் போடும் வேலை. சனிக்கிழமை மதியம் வேலை முடிந்ததும் கால் தானாக நூல் கடைக்குப் போய்விடும். ஒரு பட்டன் வாங்கப் போவார், இரண்டு ஸ்வெட்டருக்கான நூலோடு திரும்புவார், பட்டனை மறந்திருப்பார். அதற்காக மறுபடி போவார். ஒவ்வொரு கண்டையும் எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்ப்பார், மூக்கில் வைத்துப் பார்ப்பார், வெளிச்சத்தில் நிறம் பார்க்கிறேன் என்று வாசல்வரை கொண்டுபோவார். ஒரே தொட்டியில் சாயம் போட்ட நூல் தீர்ந்துவிட்டால் அதே நிறம் திரும்ப வராது என்பதால் எப்போதும் ஒரு கண்டு கூடுதல். அந்தக் கூடுதல்கள் வீட்டில் கட்டிலுக்கடியில் இருந்தன, பெட்டிகளில் இருந்தன, பழைய டிவி அட்டைப்பெட்டியில் இருந்தன. மாவு டப்பாவைத் திறந்து அரக்கு நிற நூலைப் பார்த்த நாளில்கூட ஓட்டுநர் ஒன்றும் சொல்லாமல் மூடி வைத்தார். நியாயமாகச் சொன்னால் அவர் மோசமான மனிதர் இல்லை. மனைவியும் சாம்பிள் விஷயத்தில் ஒரு நாளும் ஏமாற்றியதில்லை. ஆனால் ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்ததும் அவர் கைகளுக்கு விடுமுறை விட்டாற்போல் ஆகிவிடும். அங்கே விழும் கண்ணிகள் எல்லாம் சாவகாசமான கண்ணிகள். மிச்சத்தை வீட்டில்தானே பின்ன வேண்டும், அது ஊசியக்காவின் ஸ்கேலுக்குத் தெரியாது.

நீல ஸ்வெட்டர் பாதியில் இருந்தபோது ஓட்டுநரின் அக்கா ஊரிலிருந்து வந்திருந்தார். சாயங்காலங்களில் உன் பெண்டாட்டி என்னதான் செய்வாள் என்று அவர் கேட்க, ஓட்டுநர் செய்தித்தாளிலிருந்து தலையை எடுக்காமலே, "அவ சும்மா உக்காந்து எதையாவது பின்னிட்டிருப்பா" என்றார். மனைவி சமையலறையில் பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தார். அந்த வார்த்தை காதில் விழுந்தது, நெஞ்சில் விழுந்தது, எங்கும் போகாமல் அங்கேயே உட்கார்ந்துகொண்டது. வாய்விட்டுச் சண்டை போட்டிருந்தால் விஷயம் அன்றைக்கே முடிந்திருக்கும். அவர் நாத்தனாருக்குக் காப்பி கொடுத்துவிட்டு, ஊசியைக் கையில் எடுத்தார். அதற்குப் பிறகு புருஷனிடம் பேச வேண்டியதை மகளிடம் சொல்லி அனுப்பினார், ஸ்வெட்டரை மட்டும் பின்னிக்கொண்டே இருந்தார். கண்ணிகள் இறுகின. அடுத்த வரிசைக்கு ஊசி உள்ளே போகமாட்டேன் என்றது, கீச்சிட்டது, கடைசியில் வளைந்தது. சின்னதாகத்தான் வருகிறது என்று அவருக்குத் தெரிந்தது. துவைத்தால் தளர்ந்துவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பின்னுகிறவர்கள் எல்லாரும் தங்களுக்குச் சொல்லிக்கொள்கிற பொய் அது.

டிப்போவில் முதலில் பெருந்தன்மையாகத்தான் நடந்துகொண்டார்கள். இருக்கையில் மெத்தைகளை அடுக்கினார்கள், பெடல்களில் மரக்கட்டை கட்டினார்கள். ஆனால் நிறுத்தங்களில் நின்றவர்கள் பஸ் ஆளில்லாமல் தானாக வருகிறது என்று ஏறப் பயந்தார்கள். அதனால் அவரைத் தொலைந்த பொருள் கவுன்ட்டருக்கு மாற்றினார்கள். கவுன்ட்டர் அவர் தலையைவிட உயரம். குடையைத் தொலைத்தவர்கள் வந்து மணி அடிப்பார்கள், கொஞ்ச நேரத்தில் மறுபக்கத்திலிருந்து ஒரு குடை மட்டும் மேலே எழும்பும். மாதக் கடைசிக்குள் பழைய உயரத்தோடு வராவிட்டால் ஏழாம் எண்ணை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவதாக மேலதிகாரி சொல்லிவிட்டார். ஓட்டுநருக்கு அந்த பஸ் என்றால் உயிர். அது எந்தத் திருப்பத்தில் முனகும், எந்த மேட்டில் அடம்பிடிக்கும் என்பதெல்லாம் அவருக்கு மட்டும்தான் தெரியும். வீட்டுக்கு வந்து மகளின் பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு ஜன்னல் கம்பியைப் பிடித்து அது போவதைப் பார்ப்பார். மனைவிக்குப் பார்க்கப் பாவமாக இருந்தது. கோபமும் அப்படியே இருந்தது.

மனைவி கடைக்குப் போய், அக்கா, நீங்களே ஒன்று பின்னிக் கொடுங்கள் என்று கேட்டார். ஊசியக்கா யோசித்துப் பார்த்துவிட்டு மறுத்தார். "வேற கை பின்னினா வேற ஆளுதாம்மா வருவாரு. இவரவிட நல்லவரா வந்தாலும் வரலாம், ஆனா நான் கியாரண்டி தரமாட்டேன்." ஓட்டுநரின் மனைவி உடனே வேண்டாம் என்று சொல்லவில்லை, கொஞ்ச நேரம் சாம்பல் நிற நூல்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் வேண்டாம் என்றார். சாம்பல் நிறத்தில் சாம்பிள் போட்டார், அளவு அம்சமாக வந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று வீட்டில் கண்ணிகளை இரண்டு மடங்காக ஏற்றினார். கை வழக்கம்போல இறுகியது. அகலம் கூடியதே தவிர உயரம் ஏறவில்லை. அதைப் போட்டுக்கொண்ட ஓட்டுநர் அதே குள்ளத்தில் பீப்பாய் மாதிரி ஆனார். கவுன்ட்டரின் சின்னக் கதவு வழியே அவரை உள்ளே அனுப்ப இரண்டு கண்டக்டர்கள் தேவைப்பட்டார்கள். அப்பாவை உருட்டிப் பார்க்கலாமா என்று மகள் கேட்டாள், அம்மா முறைத்ததும் விட்டுவிட்டாள்.

சனிக்கிழமை ஊசியக்கா சாம்பிளையும் ஸ்வெட்டரையும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். நூலும் ஒன்று, ஊசியும் ஒன்று, கையும் ஒன்று, அப்படியானால் வீட்டில் என்ன நடக்கிறது என்று கேட்டார். ஓட்டுநரின் மனைவி ஒன்றுமில்லை என்றார், பட்டன் டப்பாவைக் கிளறினார், பிறகு அழுதுவிட்டார். எல்லாவற்றையும் சொன்னார். அந்த ஒரு வார்த்தைக்கா என்று ஊசியக்கா கேட்கவில்லை. அவருக்கும் அந்த வார்த்தை பழக்கம்தான். மனசு லேசாகியிருக்கும், இப்போது இங்கேயே உட்கார்ந்து பின்னு என்றார். ஆனால் சொல்லிவிட்ட பிறகு அந்த நாற்காலியும் உதவவில்லை. கோபம் முகவரி தெரிந்து கடைக்கே வந்துவிட்டது. புதிய சாம்பிள் பிஸ்கட் மாதிரி விறைப்பாக நின்றது. ஊசியக்கா அதைத் தட்டிப் பார்த்தார், சத்தம் வந்தது, "சொன்னவர அனுப்பு" என்றார்.

அத்தனை வருஷத்தில் ஓட்டுநர் அந்தக் கடைக்குள் காலெடுத்து வைத்ததில்லை. வெளியே நின்று ஹாரன் அடிப்பதோடு சரி. இப்போது பக்கவாட்டில் திரும்பி வாசலில் நுழைந்து, பச்சை நூல் ஒன்று வேண்டும் என்றார். எந்தப் பச்சை என்று ஊசியக்கா ஒரு சுவரைக் காட்டினார். சுவர் முழுக்கப் பச்சை. பச்சை என்றால் சிக்னலில் விழுவது ஒன்றுதான் என்று இருந்த ஓட்டுநர் வியர்த்துப்போனார். நெடுநேரம் பார்த்து, கன்னத்தில் வைத்துக்கூடப் பார்த்து, ஒன்றைக் கையில் எடுத்தார். ஊசியக்கா கொண்டையிலிருந்து இரண்டு ஊசிகளையும் உருவிக் கொடுத்து, சாம்பிள் போடுங்கள் என்றார். பின்னப் போவது நான் இல்லையே என்றார் இவர். கடை விதி என்றார் அவர். கால் தரையில் எட்டாமல் அந்த நாற்காலியில் உட்கார்ந்து ஓட்டுநர் கண்ணி போடக் கற்றுக்கொண்டார். நூல் விரலில் சிக்கியது, ஊசி மூக்கைக் குத்தியது, வரிசைக்கு வரிசை கண்ணிகள் குறைந்தன, சிலசமயம் காரணமே இல்லாமல் கூடின. டூட்டி முடிந்து மறுநாளும் வந்தார், அதற்கு மறுநாளும் வந்தார். ஊசியக்கா அவருக்கு எதிலும் சலுகை காட்டவில்லை. ஒருவழியாக உள்ளங்கை அகலத்தில் கொசுவலையும் கயிறும் கலந்தாற்போல் ஏதோ ஒன்று தேறியது.

அதையும் மிச்சப் பச்சை நூலையும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். முதலில் ஊரிலிருக்கும் தன் அக்காவுக்கு போன் போட்டு, மனைவிக்குக் கேட்கும்படி, அன்றைக்கு நான் பேசியது தப்பு என்று சொன்னார். அப்புறம் சமையலறைக்குப் போய் அந்தத் துண்டை நீட்டினார். "சும்மான்னு சொல்லிட்டேன். இந்த இத்துனூண்டு போடறதுக்குள்ள எனக்கு உசிரே போயிடுச்சு. நீ எனக்கு எத்தன போட்டிருக்க." மனைவி வாங்கிப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். "ரெண்டாவது வரிசையில ஒரு கண்ணிய விட்டிருக்கீங்க" என்றார். நாத்தனார் வந்துபோனதற்குப் பிறகு அவர் கணவரிடம் நேராகப் பேசிய முதல் வாக்கியம் அது. ஓட்டுநருக்குக் கண் கலங்கிவிட்டது. வட்டமாகக் கிடந்த பச்சை நூல் சிட்டத்தை அவருடைய இரண்டு கையிலும் மாட்டிவிட்டு மனைவி எதிரில் உட்கார்ந்து கண்டாகச் சுற்றினார். கைகள் குட்டையாக இருந்ததால் நூல் அடிக்கடி நழுவியது, இவர் பிடித்தார்.

மனைவி பின்னினார். மன்னித்தாயிற்றா என்று யாரும் அவரைக் கேட்கவில்லை, கேட்டிருந்தாலும் அவருக்குத் தெரிந்திருக்காது. ஆயிற்று என்று நினைத்துப் பின்னிய கண்ணிகள் உள்ளுக்குள் இறுகியிருக்கலாம். கண்ணிகளை எண்ணினாரே தவிர, ஸ்கேலை மேலே வைத்துப் பார்க்க பயந்து அப்படியே சுருட்டி வைத்தார். மாதக் கடைசிச் சனிக்கிழமை எல்லாரும் நூல் கடையில் கூடினார்கள். ஜெராக்ஸ் கடைக்காரர் தன் கடையில் இருந்தபடியே கையை மட்டும் அனுப்பி வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டார், பல் டாக்டர் எட்டிப் பார்த்ததில் ஜன்னல் வெளிச்சம் போயிற்று. மனைவி மட்டும் தனக்கு ஒரு பட்டன் தேட வேண்டும் என்று சொல்லி அலமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டார். ஓட்டுநர் ஸ்வெட்டரை மாட்டினார். முதலில் தொப்பை உள்ளே போனது. அப்புறம் கால் வளர்ந்தது, கை வளர்ந்தது, பழைய உயரம் வந்தது. ஊசியக்கா சரி என்று சொல்ல வாயெடுத்தார், ஆனால் அது நிற்கவில்லை. பழைய உயரத்தைத் தாண்டி, அலமாரியின் மேல்தட்டைத் தாண்டி, உத்தரத்துக்குக் கொஞ்சம் கீழே போய்த்தான் நின்றது. மனைவி திரும்பிப் பார்த்தார், அண்ணாந்து பார்த்தார், காதுவரை சிவந்துபோனார்.

"இந்த நூல் கொஞ்சம் தளர்ச்சியான ரகம்" என்றார்.

"என் நூலச் சொல்லாத" என்றார் ஊசியக்கா.

ஏழாம் எண் அவருக்கே திரும்பக் கிடைத்தது. டிப்போவில் இருக்கையைப் பின்னால் தள்ளிக் கொடுத்தார்கள். கண்ணாடியில் பார்க்காமலே பின்படிக்கட்டில் யார் தொங்குகிறார்கள் என்று அவருக்குத் தெரிகிறது என்று பயணிகள் புகார் சொன்னார்கள், பிறகு பழகிக்கொண்டார்கள். வீட்டு வாசல் மட்டும் அவர் உயரத்துக்குப் போதவில்லை. உள்ளே வரும்போதெல்லாம் நன்றாகக் குனிந்தால்தான் உண்டு. தச்சர் வந்து அளந்து பார்த்து, ஒரே நாளில் நிலையை உயர்த்தித் தருகிறேன் என்றார். ஓட்டுநர் மனைவியைப் பார்த்தார். மனைவி நாற்காலியில் அமர்ந்து பின்னிக்கொண்டிருந்தார், வரிசை முடியட்டும் என்று கையைக் காட்டினார், முடித்துவிட்டு, இப்படியே இருக்கட்டும் என்றார். அப்படியே இருக்கிறது.